காசு என்னும் தமிழ்ச்சொல்

(திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

 

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஈரெழுத்துச் சொல் ஒன்று. அது 'காசு'. ஊதிய நாளன்று "காசு ஏறிவிட்டதா?" என்று ஒருவரையொருவர் கேட்கிறீர்கள். திங்கட் கடைசியில் "கையில் காசில்லை" என்கிறீர்கள். ஒன்றுக்கும் உதவாதவனைச் 'செல்லாக்காசு' என்கிறீர்கள். நாள்தோறும் நாவில் உருளும் சொல்லாதலின் அதன் அகவையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், இம்மண்ணில் ஆண்ட அரசுகளுள் எதனினும் நீண்ட வாழ்நாள் உடையது இச்சொல்.

நான் இன்று நிறுவ விரும்புவது ஒன்றே. காசின்மேல் எழுத்துப் பொறித்தவர்கள் ஆண்டவர்கள். அதற்குப் பெயரிட்டவர்கள் மக்கள். பொறித்த எழுத்து ஆட்சிக்கு ஆட்சி மாறியது. மக்கள் இட்ட பெயர் மாறவில்லை. இதற்குச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன், கேளுங்கள்.

பாட்டில் வரும் காசு

கழக இலக்கியத்தில் காசு முதலில் அணிகலனாகவே காட்சி தருகின்றது. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டு அள்ளூர் நன்முல்லையார் பாடியது. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. அந்தக் காட்சி, புதிய நூலிற் கோப்பதற்காகப் பொற்காசொன்றைத் தன் கூர்நகத்தால் பிடித்திருப்பவனின் விரலைப்போல் இருக்கிறதாம். நற்றிணையின் 274-ஆம் பாட்டில், மான்பிணை உரசியதால் உதிர்ந்து பரவிய குமிழம்பழங்கள், அணியணிந்த மகளின் பொற்காசுகளைப்போல் கிடக்கின்றன. வேப்பம்பழமும் குமிழம்பழமும் பொன்னிறம். உருண்டு திரண்ட சிறு வடிவம். அப்படியானால் காசு எது? கோத்து அணியத்தக்க சிறிய பொன்மணி அல்லது பொன்வில்லை. நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த காசுமாலை அந்தப் பழம்பொருளை இன்றளவும் சுமந்துகொண்டிருக்கிறது.

காசு என்பது வடமொழிக் 'கர்ச' என்பதன் திரிபு என்பாரும் உளர். கர்ச என்பது நிறையைக் குறிக்கும் சொல். தமிழன் பொன்னை நிறுத்த நிறைகளின் பெயர்கள் வேறு: கழஞ்சு, மஞ்சாடி, குன்றி. இவையெல்லாம் நம் காட்டுக் கொடியும் மரமும் தந்த வித்துகள். காசோ, தன் மிகப் பழைய வழக்கில் நிறையாக வரவில்லை. மணியாகவும் அணியாகவும் வருகிறது. அணியாக இருந்த பொன்வில்லை பொருள் மாற்றும் கருவியாகிப் பின் செல்வத்திற்கே பெயராயிற்று. பொருள்வளர்ச்சி இவ்வாறு படிப்படியாகத் தெளிந்து கிடக்கையில், பொருளே ஒவ்வாத சொல்லொன்றைப் பிறப்பிடமாகக் காட்டுவது பொருந்துமா? தெலுங்கிலும் கன்னடத்திலும் 'காசு' என்றும் மலையாளத்தில் 'காசு' என்னும் ஒலிக்கு அணுக்கமாகவும் இச்சொல் வழங்குவதையும் சேர்த்தெண்ணுங்கள். தெலுங்கர் இன்றும் எட்டுக் கிராம் பொன்னை ஒரு காசு என்றே நிறுக்கின்றனர்.

வகுப்பறையில் முப்பதாண்டாக யாப்பு நடத்துபவன் நான். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாய் அமையவேண்டும் என்பதை நீங்களும் பள்ளியிற் படித்திருப்பீர்கள். திருக்குறள் 1330-உம் இந்த நான்கனுள் ஒன்றில்தான் முடிகின்றன. முதற்குறளின் கடைசிச் சொல் 'உலகு', அது பிறப்பு. ஐந்தாங்குறளின் கடைசிச் சொல் 'மாட்டு', அது காசு. நேரசையை அடுத்துக் குற்றியலுகரம் வருவதற்கு எடுத்துக்காட்டாக எத்தனையோ சொல் இருக்க, இலக்கணப் பேராசான்கள் காசைத் தேர்ந்தெடுத்தார்கள். மாணவன் எவனும் தடுமாறாத சொல், வீடுதோறும் வழங்கும் சொல் என்பதே அதற்குக் காரணமாதல் வேண்டும்.

கல்லில் வரும் காசு

இனிக் கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட முதலுக்கு வட்டிக் கணக்கு வருகிறது. காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. பொலிசை என்றால் வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. நூறு காசுக்குப் பன்னிரண்டரைக் காசு. காசொன்றுக்குப் பன்னிரண்டு அக்கம் என்று சிறுகாசின் கணக்கும் உண்டு. பழங்காசு, ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று கல்வெட்டுகள் வகைபிரித்துச் சொல்கின்றன. 'அன்றாடு நற்காசு' என்பதை எண்ணிப் பாருங்கள்: அந்நாளில் செல்லுபடியாகும் தேய்வில்லாத நல்ல காசு என்று பொருள். இன்றைய வங்கிகள் நீட்டிமுழக்கிச் சொல்வதை ஆயிரமாண்டுக்குமுன் மூன்று சொல்லில் முடித்துவிட்டான் தமிழன்.

இங்கே ஒரு வியப்பைக் காணவேண்டும். இராசராசனின் செப்புக்காசை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே மன்னன் பெயர். அந்தப் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது? நாகரி எழுத்தில்! தமிழகம் முழுதாண்டவன் காசில் தமிழெழுத்து இல்லை. அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே பாண்டியன் 'பெருவழுதி' என்றும் சேரர் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்றும் தம் காசுகளில் தமிழில் பொறித்திருக்க, பேரரசுச் சோழனின் செப்புக்காசு நாகரிக்குப் போயிற்று. ஆனால் அவன் கல்வெட்டை வெட்டிய தச்சனும், கோயிற்கணக்கெழுதிய கரணத்தானும், நெல் விற்ற உழவனும் அதைக் காசு என்றே சொன்னார்கள். முகம் நாகரி, பெயர் தமிழ்.

இவ்வட்டாரத்திற்கு அணித்தாக உள்ள உத்தரமேரூரை நான் சொல்லாமற் போகக்கூடாது. முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன்வாரியம் என்பதொன்றும் அவ்வூரில் இருந்தது. பொன்னின் தரத்தைப் பார்ப்பது அதன் வேலை. அக்கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் தரமுடியாது. ஊர்க்காசைக் கையாண்டவன் ஊர்க்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்; அதுவும் ஊரார்க்குத் தெரிந்த மொழியில். இதை நினைவில் வைத்திருங்கள். இறுதியில் இதற்கே திரும்புவேன்.

கடல்கடந்த காசு

ஆங்கிலத்தில் 'கேசு' என்னும் சொல் காசிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். அதில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. நம் மொழியின் பெருமையைச் சொல்பவர்க்குப் பிறரைவிடப் பொறுப்பு மிகுதியாதலின் இதனைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒரே வடிவில் இரண்டு சொற்கள் உள்ளன. ரொக்கம் என்னும் பொருளுடைய சொல், பெட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணம் வைக்கும் பெட்டி, பின் பணத்திற்கே பெயராயிற்று. அது நம்முடையதன்று. மற்றொன்று, கீழைநாடுகளில் வழங்கிய சிறு செப்புக்காசுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். அது போர்த்துகீசியர் வாய்வழியாக நம் 'காசு' சென்று திரிந்தது. யூல், பர்னல் என்னும் இருவர் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியும் அதைத் தமிழோடு இணைத்தே காட்டுகிறது. சீனத்தில் நடுவே சதுரத்துளையுடைய செப்புக்காசுகளைக் கயிற்றில் கோத்து வைப்பார்கள். அதற்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டார்கள். நம்முடையதல்லாத சொல்லை நம்முடையது என்று சொல்லி மாற்றாரின் நகைப்புக்கு ஆளாவானேன்? சீனம்வரை பெயர் சென்ற பெருமை நமக்குப் போதாதா?

இன்னும் கேளுங்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டென்மார்க்கு நாட்டார், தம் அரசனின் முடியெழுத்தைப் பொறித்த காசுகளில் மதிப்பை எந்தச் சொல்லால் குறித்தார்கள்? 'காசு' என்னும் சொல்லைத் தம் எழுத்தில் சுருக்கி, நான்கு காசு, பத்துக் காசு என்று பொறித்தார்கள். பிரெஞ்சியர் புதுச்சேரியில் அடித்த செப்புக்காசில் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே எழுதினார்கள். ஆங்கிலக் கும்பனி சென்னை மாகாணத்திற்காக 1803-இல் பர்மிங்காம் நகரின் சோகோ அக்கசாலையில் அடித்துக் கப்பலில் இறக்கிய செப்புக்காசுகளில் பாரசீக எழுத்தும் ஆங்கிலமும் இருந்தன. ஆனால் பத்துக் காசு, இருபது காசு என்று மதிப்பைச் சொன்ன சொல் நம் சொல். அந்நாளில் எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஆகவே வராகன் ஒன்றுக்கு 3360 காசு. திருவிதாங்கூர் அரசும் பதினாறு காசு ஒரு சக்கரம் என்று கணக்கிட்டது.

புதுக்கோட்டையின் அம்மன்காசை அறியாதவர் இலர். ஒருபுறம் பெரியநாயகியம்மன், மறுபுறம் 'விசய' என்னும் சொல் தெலுங்கு எழுத்தில். இருபது அம்மன்காசு ஓர் அணா. பதினாறு அணா ஓர் உருபா. பெருக்கிப் பாருங்கள்: உருபாவுக்கு முந்நூற்றிருபது அம்மன்காசு. நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு 'முந்திரி' என்று பெயர். ஆகவே ஓர் அம்மன்காசு, உருபாவில் சரியாக ஒரு முந்திரி. 1948-இல் புதுக்கோட்டை அரசு இந்தியாவோடு இணைந்தது. காசும் ஓய்ந்தது. அரைக்காசு அம்மன் என்னும் பெயர் ஓயவில்லை. வண்டலூர்ப் பக்கம் இரத்தினமங்கலத்தில் அப்பெயரால் கோயிலொன்று இருப்பதை உங்களிற் பலர் வழியிற் பார்த்திருப்பீர்கள்.

நாகரி, பாரசீகம், ஆங்கிலம், தெலுங்கு என்று காசின் முகத்தில் எழுத்து மாறிக்கொண்டே வந்தது. அதன் பெயர் மாறியதா?

வந்த பெயர்களும் போன பெயர்களும்

வேற்றுப் பெயர்கள் வராமலில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடைவிரித்தார்கள். அவர்கள் செப்புக்காசின் பெயர் நம் வாயில் 'துட்டு' ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அணாவும், அணாவில் பன்னிரண்டில் ஒன்றாகிய தம்பிடியும் வந்தன. 1957 ஏப்பிரல் முதல் நாள் உருபாவை நூறாகப் பகுத்தார்கள். 'நயா பைசா' வந்தது. 1964-இல் 'நயா' போயிற்று. 2011 சூன் திங்கள் இறுதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாமற் போயின. அணாவைப் பார்த்த பிள்ளை இன்று எவன்? தம்பிடி என்றால் என்ன மதிப்பென்று சொல்லக் கூடியவர் இக்கூட்டத்தில் எத்தனை பேர்? துட்டு மட்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சல்லியை இவற்றோடு சேர்த்துவிடாதீர்கள். சில், சில்லு, சல்லி என்பன சிறுதுண்டைக் குறிக்கும் நம் சொற்கள். உங்கள் ஆலைக்குக் கற்காரை போட்டபோது கொட்டிய சல்லிக்கல்லும், காளையின் கொம்பில் கட்டிய சல்லிக்காசும் ஒரே குடும்பம். சில்லறையும் அவ்வழிப்பட்டதே.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம் உடன்பிறப்புகள் இன்றும் 'வெள்ளி', 'காசு' என்றே கணக்கிடுகிறார்கள். அந்நாட்டுச் சிறுகாசுக்கு அரசுப்பெயர் வேறு. கடையிலும் செய்தித்தாளிலும் தமிழர் வழங்கும் பெயர் காசு. நம் நாட்டில் நம் இதழ்கள் பல 'விலை 50 காசு' என்று அட்டையில் அச்சிட்டு வந்ததும் இந்த வழக்கினால்தான்.

ஆலைத்தொழிலாளியின் காசு

தோழர்களே! இத்துணை நேரம் பழமை பேசினேன். பழமையைப் பேசிவிட்டுக் கைதட்டு வாங்கிப் போவதற்காக நான் வரவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு மகிழுந்து ஆலை 1990-களின் பிற்பகுதியில் எழுந்தது. பின்னர் ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே தொழிற்பூங்காக்கள் பெருகின. ஒரு காலத்தில் நெல்லளந்த ஊர்களில் இன்று உருளிகளும் மின்னணுப் பலகைகளும் உருவாகின்றன. உழைப்பு உங்களுடையது. அதற்கீடாக வருவது காசு. அந்தக் காசு எந்த வடிவில் வருகிறது?

1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கற் சட்டம், கூலியைச் செல்லுபடியாகும் காசாகவோ பணத்தாளாகவோதான் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. முதலாளியின் கடையில் பண்டமாக வாங்கிக்கொள் என்று சொல்லக்கூடாது என்பதே அதன் கருத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்களின் கடனைக் குறித்த தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். கையில் காசைக் காணாமல் துண்டிலேயே வாழ்நாள் கழிந்தவர் பலர். 1921-இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. கையில் விழும் காசு, தொழிலாளியின் தன்மானத்திற்கு வேலியாக இருந்தது என்பதை இதனால் அறியலாம். 2017-இல் அந்த 1936-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டபின், வங்கிக்கணக்கில் ஏற்றுவதும் காசுக்கு நிகரான வழியாயிற்று. இன்று உங்கள் காசுக்கு உருவில்லை, ஒலியில்லை. கைப்பேசியில் ஓர் எண்ணாக வந்து, எண்ணாகவே போகிறது. அதனாற் பல நன்மைகள் உண்டு; நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை எண்ணுங்கள். செப்பும் வெள்ளியும் இருந்தவரை அதன்மேல் எவன் எதை எழுதினாலும், கையில் எடுத்தவன் 'காசு' என்றான். பொருள் கண்முன் இருந்தது. பெயர் நாவில் இருந்தது. இப்போது பொருள் மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. அந்தப் பெயரையும் நாம் விட்டுவிட்டால் மிஞ்சுவது யாது? "சேலரி கிரெடிட் ஆயிற்று" என்று சொல்லப் பழகிவிட்ட நாவு நாளை காசை மறக்காது என்பதற்கு என்ன உறுதி?

இதில் சொல்லுக்கு வரும் கேட்டைவிட உங்களுக்கு வரும் கேடு பெரிது. ஊதியச்சீட்டு முழுதும் ஆங்கிலச் சுருக்கெழுத்தாக வருகிறது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்க்கும் இளைஞர்களை நான் அறிவேன். இத்தொகை ஏன் குறைந்தது, எதற்காகப் பிடித்தார்கள், மிகைநேர வேலைக்கு என்ன கணக்கு என்று கேட்க அவர்களுக்குத் துணிவில்லாமலில்லை, சொல் இல்லை. பெயர் தெரியாத பொருளை எப்படிக் கேட்பது? அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மிகைநேர ஊதியம், வைப்புநிதிப் பிடித்தம், கைக்கு வரும் தொகை: இவ்வளவுதான். இவை ஆறும் தமிழில் இருந்தால் எட்டாம் வகுப்புப் படித்தவனும் தன் காசுக்குக் கணக்குக் கேட்பான். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்திற்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டிய ஊர், இவ்விடத்திலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கிறது. அந்த மண்ணில் உழைப்பவன் தன் கணக்கைப் படிக்கமுடியாமல் இருப்பதா?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்களோடு உழைக்கும் தோழர்களுக்கும் அவரவர் மொழியில் அச்சீட்டுக் கிடைக்கவேண்டும் என்றே நான் சொல்வேன். அவர்களும் நம்மைப்போல் உழைப்பை விற்று வாழ்பவர்களே. இவ்வூர்க் கடைத்தெருவில் அவர்கள் முதலிற் கற்றுக்கொள்ளும் தமிழ்ச்சொற்களுள் காசும் ஒன்று என்பதை நான் காதாரக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்.

இன்று நம் சட்டைப்பையில் உள்ள வழக்கமான உருபாக் காசுகளை எடுத்துப் பாருங்கள்; நாகரியும் ஆங்கிலமும் உண்டு, தமிழ் இல்லை. பணத்தாளில் மொழிப்பட்டியலுள் ஒரு வரி உண்டு. 2024-இல் கலைஞர் நூற்றாண்டுக்காக வெளியிட்ட நூறு உருபா நினைவுக்காசில் 'தமிழ் வெல்லும்' என்று தமிழிற் பொறித்தார்கள். மகிழ்ச்சியே. ஆனால் நினைவுக்காசு பேழையில் இருக்கும், கடைத்தெருவுக்கு வராது. ஆள்வோர் காசின்மேல் எதைப் பொறிக்கிறார்கள் என்பதில் நம் கோரிக்கை தொடரட்டும். ஆனால் அதற்காகக் காத்திருந்தா நம் முன்னோர் காசைக் காசு என்றார்கள்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைத்து அமர்கிறேன். உங்கள் தொழிற்சங்கத்தில், ஊதியச்சீட்டு தமிழிலும் வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேருங்கள். கடை வைத்திருப்போர் விலைப்பலகையில் உருபா, காசு என்று எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு அரை, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்னும் இலக்கங்களை விளையாட்டாகவேனும் சொல்லிக்கொடுங்கள். இவை மூன்றும் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை.